புகைப்படமும் சம்மதமும்: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

1839 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் டாகேர் என்பாரின் ஒளிப்பட முறை பற்றிய அறிவித்தல் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னர் ஒருவரின் உருவத்தைப் பதிவுசெய்ய வேண்டின் அவர் ஓவியன் முன்னே நெடுநேரம் அமர்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு அமர்ந்திருத்தலே அவரது சம்மதத்திற்குச் சான்றாகவும் அமைந்தது. புகைப்படக் கருவி இத்தொடர்பை அறுத்தது. உருவம் அதற்குரியவரினின்றும் பிரிந்து, எண்ணற்ற படிகளாகப் பெருகி, அவர் அறியாத கைகளிற் சென்று சேரத் தொடங்கியது.

இன்று ஒருவரது அந்தரங்கப் படத்தை அவரது சம்மதமின்றிப் பிறருக்கு அனுப்புதலும் பரப்புதலும் பல நாடுகளிலே தண்டனைக்குரிய குற்றங்களாகும். இதற்கெனத் தனியாக இயற்றப்பட்ட சட்டங்களுட் பெரும்பாலானவை 2000 ஆம் ஆண்டின் பின்னர் எழுந்தவை. ஆதலின் இதனைக் கணினி யுகத்தின் பிரச்சினை என்றே பலரும் கருதுவர். இக்கருத்து ஓரளவே உண்மையானது. கணினி இக்கேட்டின் வேகத்தையும் பரப்பையும் பெருக்கியது. கேட்டினை அது தோற்றுவிக்கவில்லை. நீதிமன்றங்கள் இப்பிரச்சினையை ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாகச் சந்தித்து வந்துள்ளன.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, சட்டம் ஒரு படத்தைப் பற்றி மூன்று கேள்விகளை வெவ்வேறு காலங்களிற் கேட்டு வந்துள்ளமை புலனாகும். இப்படம் யாருடைய ஆதனம் என்பது முதலாவது. இப்படம் ஆபாசமானதா என்பது இரண்டாவது. படத்தில் இருப்பவர் இதற்குச் சம்மதித்தாரா என்பது மூன்றாவது. பாதிக்கப்பட்டவரின் நிலையினின்று பார்ப்பின் மூன்றாவது கேள்வியே முதலாவதாக இருந்திருத்தல் வேண்டும். எனினும் அது பெரும்பாலான நாடுகளில் இறுதியாகவே கேட்கப்பட்டது. அவ்வாறு நேர்ந்தமைக்கான காரணங்களையும், அதனால் விளைந்தவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆதனமும் நம்பிக்கையும்

ஆங்கிலச் சட்டத்தில் இப்பொருள் தொடர்பான முதல் முக்கிய வழக்கு அரச குடும்பத்தினின்றே எழுந்தது. விக்டோரியா மகாராணியாரும் அல்பேட் இளவரசரும் தம் பொழுதுபோக்காகச் செப்புத் தகடுகளிற் சித்திரங்களைச் செதுக்கினர். குடும்பத்தவரும் வளர்ப்புப் பிராணிகளும் அவற்றில் இடம்பெற்றனர். நண்பர்களுக்கு வழங்கச் சில படிகள் எடுக்குமாறு அத்தகடுகள் வின்சர் நகரிலுள்ள அச்சகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அங்கு பணியாற்றிய ஒருவர் மேலதிகமாகச் சில படிகளை எடுத்து வைத்துக்கொண்டார். அவை கைமாறி ஸ்ரேஞ்ச் என்னும் பதிப்பாளரைச் சென்றடைந்தன. அவற்றைக் கண்காட்சியாக வைக்கவும் விபரப்பட்டியல் ஒன்றை வெளியிடவும் அவர் முற்பட்டார். இளவரசர் 1848 இல் வழக்குத் தொடுத்தார். 1849 இல் மேன்முறையீட்டை விசாரித்த கொட்டன்ஹாம் பிரபு கண்காட்சியை மட்டுமன்றி விபரப்பட்டியலையும் தடைசெய்த கட்டளையை உறுதிப்படுத்தினார்.

இத்தீர்ப்பு இரு தூண்களின்மீது நின்றது. வெளியிடப்படாத ஆக்கம் அதனை ஆக்கியவரின் ஆதனம் என்பது ஒன்று. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அந்நம்பிக்கைக்கு மாறாகப் பயன்படுத்தலாகாது என்பது மற்றையது. இவற்றுள் இரண்டாவது தூண் பின்வந்த வழக்குகளுக்குப் பேருதவியாயிற்று. ஆயினும் சித்திரத்தில் இடம்பெற்றவர்களின் உரிமை பற்றி இத்தீர்ப்பு எதனையும் கூறவில்லை. காக்கப்பட்டது வரைந்தவரின் உரிமையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

நாற்பது ஆண்டுகளின் பின்னர் இக்கேள்வி சாதாரண மக்களின் வாழ்விலும் எழுந்தது. 1888 இல் தீர்க்கப்பட்ட பொலாட் வழக்கின் வரலாறு எளிமையானது. கென்ற் பகுதியின் றொச்செஸ்ரர் நகரிலுள்ள புகைப்பட நிலையத்தில் பொலாட் என்னும் மணமான பெண்மணி பணம் கொடுத்துத் தம் படத்தை எடுப்பித்தார். அந்நிலையத்தார் அப்படத்தைக் கொண்டு நத்தார் வாழ்த்து மடல் ஒன்றை ஆக்கிக் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் விற்பனைக்கு வைத்தனர். தம் முகத்தோற்றத்தில் ஒருவருக்கு ஆதன உரிமை எதுவும் இல்லையென எதிராளி தரப்பினர் வாதித்தனர். கண்ணாடித் தகடு தமக்குரியது. ஆகவே அதனினின்று எத்தனை படிகளையும் எடுக்கலாம் என்பது அவர்தம் நிலைப்பாடு.

நீதிபதி நோத் இவ்வாதத்தை ஏற்கவில்லை. வாடிக்கையாளருக்குப் படிகளை வழங்குவதற்காகவே தகடு உருவாக்கப்பட்டது. வேறெதற்கும் அதனைப் பயன்படுத்தலாகாது என்பது ஒப்பந்தத்தில் உட்கிடையாக அமைந்த நிபந்தனை. அதனை மீறுதல் நம்பிக்கை மீறலுமாகும் என அவர் தீர்த்தார். தீர்ப்பு வழக்காளிக்கு நீதியையே வழங்கியது. ஆயினும் அதன் அடித்தளத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. ஒருவர் அறியாமல் மறைவாக அவரது படம் எடுக்கப்பட்டால் நிலைமை யாதாகும் என்ற வினா அவ்வழக்கின் விவாதத்தின்போதே எழுந்தது. அந்நிலையில் நம்பிக்கையும் இல்லை, ஒப்பந்தத்துக்கான கைம்மாறும் இல்லை என்று வழக்காளியின் சட்டத்தரணியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அதே 1888 இலேயே, ஐக்கிய அமெரிக்காவில் மற்றொரு றொச்செஸ்ரர் நகரில், ஜோர்ஜ் ஈஸ்ற்மன் தம் கொடக் கருவியை விற்பனைக்கு விட்டார். கையில் எடுத்துச் செல்லத்தக்க அக்கருவியைப் பயன்படுத்த எவ்விதப் பயிற்சியும் வேண்டியிருக்கவில்லை. புகைப்பட நிலையம், வாடிக்கையாளர், கட்டணம் என்னும் மூன்றையும் நம்பி எழுப்பப்பட்ட சட்டக் கோட்பாடு, அது பிறந்த ஆண்டிலேயே காலத்தாற் பின்தள்ளப்படத் தொடங்கியது எனலாம்.

பாரிசும் பிறீட்றிஸ்றூவும்

ஐரோப்பாக் கண்டத்தில் இவ்வரலாறு வேறு வழியிற் சென்றது. புகழ்பெற்ற நாடக நடிகை றாஷெல் 1858 சனவரியிற் காலமானார். மரணப் படுக்கையில் எடுக்கப்பட்ட அவரது படத்தைப் பார்த்து வரையப்பட்ட ஓவியம் விற்பனைக்கு வந்தது. குடும்பத்தவரின் வெளிப்படையான சம்மதமின்றி அத்தகைய உருவத்தை எவரும் பகிரங்கப்படுத்தலாகாது என 1858 சூன் 16 ஆம் நாள் பாரிஸ் நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தம் இருந்ததா, தகடு யாருடையது என்னும் வினாக்கள் அங்கு முதன்மை பெறவில்லை. குடும்பத்தின் துயரமும் சம்மதமின்மையுமே தீர்ப்புக்குப் போதுமானவையாயின.

இதனினும் முக்கியமானது 1867 ஆம் ஆண்டின் டூமா வழக்கு. முதுமையடைந்திருந்த நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா, நடிகை அடா மென்கனுடன் நெருக்கமான நிலையிற் படம் எடுப்பித்துக் கொண்டார். படம் எடுத்த லிபேர் என்பவர் அவற்றைக் கடைகளுக்கு விற்றார். பாரிஸ் நகரெங்கும் அவை நகைப்புக்குரிய பேசுபொருளாயின. டூமா விரும்பியே கருவிமுன் நின்றார், விற்பனையை முதலில் அவர் தடுக்கவுமில்லை. எனவே படங்களின் உரிமை தமக்குரியதாயிற்று என லிபேர் வாதித்தார்.

பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்வாதத்தை நிராகரித்தது. முன்னர் மௌனமாகச் சம்மதித்தவராயினும், பகிரங்கமானதன் பின்னரே தம் நிலையை உணர்ந்த ஒருவர் அச்சம்மதத்தை மீளப் பெறலாம். ஆதன உரிமை அந்தரங்க வாழ்வின் உரிமைக்கு அடங்கியே நிற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இங்கு இரு கருத்துக்கள் அடங்கியுள்ளன. படம் எடுக்கச் சம்மதித்தல் அதனைப் பரப்பச் சம்மதித்தல் ஆகாது என்பது ஒன்று. ஒருமுறை அளித்த சம்மதம் என்றென்றைக்கும் உரியதன்று என்பது மற்றையது. இன்றைய சட்டங்களின் இதயம் எனக் கூறத்தக்க இவ்விரு கருத்துக்களும் 1867 இலேயே ஒரு நீதிமன்றத்தால் எடுத்துரைக்கப்பட்டன என்பது வியப்புக்குரியது. வழக்காளி உலகறிந்த எழுத்தாளரும் ஆடவருமாக இருந்தமை அவர் குரல் செவிமடுக்கப்படத் துணைபுரிந்திருக்கலாம் என்பதையும் மறுத்தற்கில்லை.

ஜேர்மனியில் இம்மாற்றம் ஒரு மரணத்தோடு வந்தது. 1898 யூலை 30 ஆம் நாள் முன்னாள் அதிபர் பிஸ்மாக் பிறீட்றிஸ்றூ என்னுமிடத்திற் காலமானார். அன்றிரவே வில்கே, பிறீஸ்ரர் என்னும் இரு புகைப்படக்காரர் உள்ளாள் ஒருவரின் துணையுடன் இல்லத்துட் புகுந்து சடலத்தைப் படமெடுத்தனர். படத்தை விற்க அவர்கள் முயன்றபோது குடும்பத்தவர் நீதிமன்றத்தை நாடினர். 1899 டிசெம்பரில் பேரரசின் உயர் நீதிமன்றம் குடும்பத்தவருக்குச் சார்பாகவே தீர்த்தது. ஆனால் அதற்குக் காட்டப்பட்ட காரணம், அத்துமீறி வீட்டினுட் புகுந்து பெற்ற பயனை ஒருவர் வைத்திருத்தலாகாது என்பதே. வீட்டுச் சுவர் இல்லாதிருப்பின் உரிமையும் இல்லாதிருந்திருக்கும்.

இக்குறைபாட்டைச் சட்டவாக்கத்தினர் உணர்ந்தனர். 1907 சனவரி 9 ஆம் நாள் இயற்றப்பட்ட கலைப்படைப்புப் பதிப்புரிமைச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு, ஒருவரின் உருவப்படத்தை அவரது சம்மதத்துடன் மாத்திரமே பரப்பலாம் என விதித்தது. 33 ஆம் பிரிவு அதனை மீறுவோருக்குத் தண்டனையை ஏற்படுத்தியது. படம் ஆபாசமானதா, பரப்பியவரின் நோக்கம் யாது என்றெல்லாம் அச்சட்டம் வினவவில்லை. செய்தி, பொதுநிகழ்வு முதலியவற்றுக்கு விதிவிலக்குகளை அமைத்து, ஏனையவற்றுக்குச் சம்மதத்தையே எல்லைக்கோடாக வைத்தது.

அமெரிக்காவின் இரு குரல்கள்

பொலாட் வழக்கில் வெளிப்பட்ட வெடிப்பை ஆராய்ந்து அதற்கு மாற்றுக் காண முயன்றவர்கள் பொஸ்ரன் நகரச் சட்டத்தரணிகளான சாமுவேல் வாறனும் லூயி பிரண்டைசும் ஆவர். 1890 டிசெம்பர் 15 ஆம் நாள் ஹாவாட் சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றிய அவர்களது கட்டுரை வெளியாயிற்று. மறைவாகப் படமெடுக்கும் வல்லமை வளர்ந்துவிட்ட காலத்தில் ஒப்பந்தமும் நம்பிக்கையும் போதிய காப்பாகா. எனவே மனிதனின் ஆளுமையையே அடித்தளமாகக் கொண்ட உரிமையொன்றைச் சட்டம் ஏற்க வேண்டும் என அவர்கள் வாதித்தனர்.

அக்கட்டுரை குறிப்பிடும் சமகால வழக்கொன்று இங்கு நோக்கற்பாலது. 1890 இல் நியூயோக் நகரில் மரியன் மனோலா என்னும் நடிகை உடலோடு ஒட்டிய ஆடையில் மேடையில் நடித்து வந்தார். அக்கோலத்திற் படமெடுக்க அவர் மறுத்திருந்தார். ஒரு நாள், நாடகம் நடந்துகொண்டிருக்கையில், பார்வையாளர் மாடமொன்றிலிருந்து மின்னொளி பாய்ச்சி அவரது படம் எடுக்கப்பட்டது. நிறுவன முகாமையாளருக்கும் படம் எடுத்தவருக்கும் எதிராக அவர் தடைக்கட்டளை பெற்றார். அவையினர் முன் நாள்தோறும் அவ்வாடையில் தோன்றுபவருக்கு அதே கோலம் படமாவதில் என்ன இழப்பு என அன்று சிலர் வினவியிருக்கலாம். அரங்கிலுள்ளோர் காணச் சம்மதித்தல் ஒன்று. எக்காலத்தும் எவரும் வாங்கிப் பார்க்கச் சம்மதித்தல் வேறொன்று. சம்மதத்துக்கு எல்லையுண்டு என்பதை உணர்த்திய நிகழ்ச்சி இது.

ஆனால் நியூயோக்கின் உச்ச நீதிமன்றமான மேன்முறையீட்டு மன்றம் 1902 இல் இவ்வளர்ச்சிக்குத் தடை போட்டது. அபிகேல் றொபேசன் என்னும் இளம் பெண்ணின் முகம், அவர் அறியாமலே, கோதுமை மா விளம்பரமொன்றில் 25,000 படிகளாக அச்சிடப்பட்டுக் கடைகளிலும் மதுச்சாலைகளிலும் தொங்கவிடப்பட்டது. அவர் மனமுடைந்து நோயுற்றார். படம் அழகானதாகவே இருந்தமையால் அவதூறுச் சட்டம் துணைபுரியவில்லை. பிரதம நீதிபதி அல்ற்றன் பாக்கரின் தலைமையில் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்த மன்றம் அவரது வழக்கை நிராகரித்தது. அத்தகைய உரிமையைச் சட்டம் இதுவரை கண்டதில்லை. ஏற்பின் வழக்குகள் எல்லையின்றிப் பெருகும் என்பது பெரும்பான்மையோர் கொண்ட அச்சம்.

பத்திரிகைகளும் பொதுமக்களும் இத்தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்தனர். 1903 இல் நியூயோக் சட்டமன்றம் எழுத்துமூலச் சம்மதமின்றி ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்துதலைக் குற்றமாக்கி நட்டஈட்டுக்கும் வழிசெய்தது. 1905 இல் ஜோர்ஜியா மாநில உயர் நீதிமன்றம் சட்டவாக்கத்துக்குக் காத்திராமல் தானே அந்தரங்க உரிமையை ஏற்றது. 1904 இல் சனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்ட பாக்கர் தம் குடும்பத்தவரைப் புகைப்படக்காரர் பின்தொடர்வது பற்றி முறையிட்டபோது, அவரது பழைய தீர்ப்பை நினைவூட்டி றொபேசன் பத்திரிகையிற் பகிரங்கக் கடிதம் எழுதினார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

எனினும் 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லை சிறியது. இலாபம் கருதிப் படத்தைப் பயன்படுத்துபவனை அது தண்டித்தது. பகைமையாலோ வேடிக்கைக்காகவோ படத்தைப் பரப்புபவனை அது தீண்டவில்லை. அவ்விடைவெளி நிரப்பப்பட மேலும் நூறாண்டுகள் சென்றன.

ஆபாசம் என்னும் அளவுகோல்

இவ்விடைவெளியில் நின்றது இரண்டாவது கேள்வி. 1857 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஆபாச வெளியீடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. 1868 இல் ஹிக்ளின் வழக்கு, படிப்போரையும் பார்ப்போரையும் ஒழுக்கக் கேட்டுக்கு உள்ளாக்கும் இயல்பு ஒரு வெளியீட்டுக்கு உண்டா என்பதை ஆபாசத்தின் அளவுகோலாக்கியது. இவ்வளவுகோல் பேரரசெங்கும் பரவியது. இலங்கையில் 1927 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இவ்வழியில் வந்ததேயாகும்.

இச்சட்டங்கள் யாரைக் காத்தன என்பதை ஆராய்தல் வேண்டும். அவற்றின் பார்வையிற் கேடுறுபவர் படத்தைப் பார்ப்பவர். படத்தில் இருப்பவர் அல்லர். படத்தில் இருப்பவர் சம்மதித்தாராயினும் குற்றம் குற்றமே; சம்மதிக்கவில்லையாயினும் அதனாற் குற்றம் கூடுவதில்லை. வழக்கில் அவருக்கு இடமே இல்லை. நட்டஈடும் இல்லை. மேலும், ஆபாசமான பொருளை ஆக்குதலே குற்றமாகும்போது, படத்தில் இருக்கும் பெண் தானும் அக்குற்றத்தில் பங்காளியோ என்னும் ஐயத்துக்கு ஆளாகின்றாள். முறையிட வருபவரையே குற்றவாளிக் கூண்டின் அருகில் நிறுத்தும் சட்டத்தை எவர் நாடுவர்? இன்றுவரை பாதிக்கப்பட்டோர் பலர் மௌனிகளாக இருப்பதற்கு வெட்கம் மட்டுமன்றிச் சட்டத்தின் இவ்வமைப்பும் ஒரு காரணமாகும்.

இந்நிலையை ஆகைல் சீமாட்டியாரின் இரு வழக்குகள் தெளிவாகக் காட்டுகின்றன. 1948 இல் விற்பனைக்கு வந்த பொலறோயிட் கருவி படத்தைக் கழுவிக் கொடுக்கும் கடைக்காரனை இடையினின்றும் அகற்றியது. மூன்றாம் கண் படாமல் அந்தரங்கப் படம் எடுக்க அதனால் இயன்றது. ஆகைல் கோமகன் தம் மனைவியின் பூட்டிய பேழையிலிருந்து அத்தகைய படங்களை எடுத்து எடின்பரோ நீதிமன்றத்தில் மணவிலக்குச் சான்றாகக் காட்டினார். 1963 இல் வீற்லி பிரபு மணவிலக்கு அளித்ததோடு சீமாட்டியாரின் ஒழுக்கத்தைக் கடுஞ்சொற்களாற் கண்டித்தார். படங்கள் எவ்வாறு கைப்பற்றப்பட்டன என்பதைவிட அவை எதனைக் காட்டின என்பதே பொதுமக்களின் கவனத்தைக் கவர்ந்தது.

அடுத்த ஆண்டில், கோமகன் மணவாழ்வின் இரகசியங்களை ஞாயிறுப் பத்திரிகையொன்றில் எழுத முற்பட்டபோது, சீமாட்டியார் இலண்டன் நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி அங்கோட்-தோமஸ் தடைக்கட்டளை வழங்கினார். கணவன் மனைவியருக்கிடையே பகிரப்பட்டவை நம்பிக்கையால் காக்கப்படுபவை. மனைவியின் பிற்கால ஒழுக்கத் தவறு முன்னைய நம்பிக்கையை மீறுவதற்குக் கணவனுக்கு உரிமை அளிப்பதில்லை என்பது அவரது முடிபு. பாதிக்கப்பட்டவர் ஒழுக்கசீலராக இருத்தல் வேண்டும் என்னும் எழுதாத நிபந்தனையை நீக்கியமையே இத்தீர்ப்பின் சிறப்பாகும்.

இருப்பினும் ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படைக் குறை நீடித்தது. 1990 இல் மருத்துவமனையிற் படுகாயமுற்றுக் கிடந்த நடிகர் ஒருவரை அறைக்குட் புகுந்து பத்திரிகையாளர் படமெடுத்தபோது, அந்தரங்க உரிமை என ஒன்று ஆங்கிலச் சட்டத்தில் இல்லையென மேன்முறையீட்டு மன்றம் வருத்தத்துடன் அறிவித்தது. 1998 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டமும் 2004 இல் பிரபுக்கள் சபை அளித்த காம்பெல் தீர்ப்புமே அந்நிலையை மாற்றின.

நோக்கமா, சம்மதமா?

அமெரிக்காவில் 1984 இல் ஐந்தாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று புதிய காலத்தின் முன்னறிவிப்பு எனலாம். கணவனும் மனைவியும் ஆற்றில் நீராடுகையில் ஒருவரையொருவர் எடுத்த படங்கள் அவர்களது படுக்கையறை இழுப்பறையில் இருந்தன. அயலவர் ஒருவர் அவற்றைத் திருடி, பொய்யான சம்மதப் பத்திரத்துடன் ஆபாசச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினார். 1980 இல் மனைவியின் படம் வெளியாயிற்று. சம்மதத்தை உரிய கவனத்துடன் உறுதிப்படுத்தத் தவறியமைக்காக அச்சஞ்சிகை அவருக்கு 150,000 டொலர் நட்டஈடு செலுத்த வேண்டியதாயிற்று. வெளியிடுபவனும் பொறுப்பாளியே என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

இணையமும் கைபேசியும் வந்தபின்னர் நட்டஈடு மட்டும் போதாதாயிற்று. பரப்புபவன் செல்வந்தனான வெளியீட்டாளன் அல்லன். பெரும்பாலும் முன்னாட் காதலனோ கணவனோ ஆவான். அவனிடமிருந்து பெறக்கூடிய நட்டஈடு சிறிது. அழிக்கமுடியாத படிகளோ பல. எனவே குற்றவியற் சட்டம் துணைக்கு அழைக்கப்பட்டது. 2004 இல் நடைமுறைக்கு வந்த நியூ ஜேர்சி மாநிலச் சட்டம் அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடியாகும். 2010 பெப்ரவரியில் சட்டமான பிலிப்பைன்சின் 9995 ஆம் இலக்கச் சட்டம் 3 முதல் 7 ஆண்டு வரையான சிறைத்தண்டனையை விதித்தது. படம் எடுக்கச் சம்மதித்திருப்பினும் பரப்புவதற்கு எழுத்துமூலச் சம்மதம் வேறாக வேண்டும் என அது வெளிப்படையாகக் கூறியது. டூமா வழக்கின் கருத்து மணிலாவில் மறுபிறப்பு எடுத்தது போலும்.

இங்கிலாந்து 2015 ஏப்ரல் முதல் இதனை ஈராண்டுச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு மனத்துயர் விளைவிக்கும் நோக்கத்துடன் படம் வெளிப்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும் என்றது. இந்நிபந்தனையைச் சுற்றியே அண்மைக்காலப் பெருவிவாதம் எழுந்தது.

நோக்கத்தை வேண்டுவோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சிறைத்தண்டனை கடுமையானது, தீய மனமின்றிச் செய்த செயலுக்கு அதனை விதித்தல் குற்றவியற் சட்டத்தின் மரபுக்கு மாறானது, சிந்தனையற்ற இளைஞர்களை அது குற்றவாளிகளாக்கும், கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துக்கும் அது ஊறு விளைவிக்கக்கூடும் என்பர். ஆயினும் நடைமுறை வேறு விதமாக அமைந்தது. பணத்துக்காக விற்றவன், நண்பர் குழாத்தில் வீம்பு பேசக் காட்டியவன், வேடிக்கைக்காக அனுப்பியவன் ஆகியோர் துயர் விளைவிப்பது தம் நோக்கமன்று எனக் கூறித் தப்ப இடமிருந்தது. பாதிக்கப்பட்டவரின் இழப்போ எந்நோக்கத்தாலும் குறைவதில்லை. நோக்கத்தைத் தேடும் சட்டம் மீண்டும் பரப்பியவரின் மனத்தையே பார்க்கின்றது. படத்தில் இருப்பவரின் சொல்லைக் கேட்பதில்லை.

2019 இல் இல்லினோய் மாநில உயர் நீதிமன்றம், தீய நோக்கத்தை வேண்டாத அம்மாநிலச் சட்டம் கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானதன்று எனத் தீர்த்தது. இங்கிலாந்தின் சட்ட ஆணைக்குழு 2022 யூலை அறிக்கையில் ஒரு நடுவழியைக் காட்டியது. சம்மதமின்மையை மட்டும் கொண்டு இலேசான தண்டனைக்குரிய அடிப்படைக் குற்றம் ஒன்றையும், தீய நோக்கமும் சேர்ந்தவிடத்துக் கடுமையான குற்றங்களையும் படிமுறையாக அமைக்க அது பரிந்துரைத்தது. 2023 ஆம் ஆண்டின் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் இதனைப் பெரிதும் ஏற்றது. 2024 சனவரி 31 ஆம் நாள் முதல் புதிய குற்றங்கள் நடைமுறைக்கு வந்தன. உண்மைப் படம் போலத் தோன்றும் போலிப் படங்களும் அவற்றுள் அடங்கும். ஐக்கிய அமெரிக்காவில் 2025 மே மாதம் சட்டமானதொன்று, முறைப்பாடு கிடைத்து 48 மணி நேரத்துள் அத்தகைய படங்களை அகற்றும் கடமையை இணைய நிறுவனங்கள்மீது சுமத்தியது.

ஜேர்மனியில் 2015 ஒக்டோபர் 13 ஆம் நாள் கார்ல்ஸ்றூ உயர் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. முறிந்துபோன உறவின்போது எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களை, பரப்பும் எண்ணம் இல்லாதபோதும், முன்னாட் காதலர் அழித்துவிட வேண்டும் எனத் தீர்த்தது. அவற்றை வைத்திருப்பதற்கான சம்மதம் உறவோடு எழுந்தது. உறவோடு முடிந்தது என்பது அதன் பொருள்.

இலங்கைக்குரிய வினா

இலங்கையின் நிலையை இவ்வரலாற்றின் ஒளியில் நோக்குதல் பொருத்தமானது. இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், ஒருவரின் உடல், கௌரவம், நற்பெயர் ஆகியவற்றை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு எதிரான வழக்குரிமையைப் பண்டுதொட்டு அளித்து வருகின்றது. ஆங்கிலச் சட்டம் ஒப்பந்தத்தையும் தகட்டையும் தேடிக்கொண்டிருந்த காலத்தில், மனித கௌரவத்தை நேரடியாகவே காக்கும் கருவி இங்கு இருந்தது. ஆனால் பொதுமக்களும் பொலிசாரும் நாடியது பெரும்பாலும் 1927 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தையே. அஃதாவது இரண்டாவது கேள்வியையே.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், தொந்தரவு செய்யும் நோக்குடன் ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுதலைக் குற்றமாக்கியது. தனிப்பட்ட தகவல் என்பதனுள் உருவப்படங்களும் அடங்கின. கருத்துச் சுதந்திரம் தொடர்பாக அச்சட்டத்தின் ஏனைய பகுதிகள் பெருங் கண்டனத்துக்குள்ளாயின. அவ்விவாதத்தில் இப்பகுதி போதிய கவனத்தைப் பெறவில்லை. இங்கும் குற்றத்தின் உயிர்நாடி பரப்பியவரின் நோக்கமே என்பது கருதற்பாலது. இங்கிலாந்து 2015 இல் நின்று, பின்னர் விட்டு நீங்கிய இடத்தை இது ஒத்துள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். ஒவ்வொரு புதிய கருவியும் சட்டம் சார்ந்து நின்ற ஒரு துணையை அகற்றியது. கொடக் கருவி ஒப்பந்தத்தை அகற்றியது. பொலறோயிட் மூன்றாமவரை அகற்றியது. இணையம் வெளியீட்டாளனை அகற்றியது. போலிப் படமோ கருவிமுன் நிற்கும் மனிதரையே அகற்றிவிட்டது. தகடு, வீடு, ஒப்பந்தம், ஒழுக்கம், நோக்கம் ஆகியவற்றை நம்பிய சட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. எக்கருவியாலும் அகற்றப்படாமல் எஞ்சி நிற்பது படத்தில் இருப்பவரின் சம்மதம் ஒன்றே. ஆபாசம் பற்றிய கட்டளைச் சட்டத்தைப் பேரரசிடமிருந்து பெற்றுக்கொண்ட நாடு, தன் சொந்தப் பொதுச் சட்டத்தில் உறங்கும் கௌரவம் என்னும் கருத்திலிருந்து மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கலாம். முறையிட வரும் பெண்ணிடம் அப்படம் எத்தகையது என வினவாது, அதற்கு அவர் சம்மதித்தாரா என வினவும் நாளிலேயே அத்தொடக்கம் நிகழ்ந்ததாகும்.